தார்ப்பாய்

கூரையில்லாத ஜீப்பை ஞானமுத்து வாங்கியதிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பேச்சும் முழுதாக முடிந்ததில்லை. மேகம் கறுத்தால் அவர் தார்ப்பாயோடு ஓடிவிடுவார். மகள் ஷெர்லியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வாயருகே கொண்டுபோனபோது தூறல் விழுந்தது. அவர் எழுந்தார்.

"நனைஞ்சா நனையட்டும், உக்காருங்க," என்று மனைவி ரூபி பல்லைக் கடித்தாள். அவர் வாசலைத் தாண்டிவிட்டார். தார்ப்பாய் காற்றில் திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. மாப்பிள்ளைப் பையன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி மறுமுனையைப் பிடித்தான். சீட்டுகளை மூடிக் கட்டிய பிறகும் இருவரும் டயரைப் பற்றிப் பேசியபடி மழையிலேயே நின்றார்கள்.

"இவனும் இதே மாதிரி ஒண்ணு பாத்து வச்சிருக்கான்," என்றாள் பையனின் அம்மா, பெருமையாக.

இந்த இடம் வேண்டவே வேண்டாம் என்று காதில் சொல்ல ரூபி மகள் பக்கம் திரும்பினாள். ஷெர்லி குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.