உன்னை இங்கே யாருக்குத் தெரியும்?

ஜெசிந்தாவின் மேசைக்கடியில் ஒரு மெயில் சர்வர் இருந்தது. யார் தயவும் இல்லாமல் வீட்டிலிருந்தே மெயில் அனுப்புகிறோம் என்று அதற்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு காலையில், வேலையில் சேரச் சம்மதம் என்று ஜெசிந்தா எழுதிய மெயிலை அது கம்பெனிக்கு அனுப்பியது. போன வேகத்தில் மெயில் திரும்பி வந்து சர்வரிடம் முறையிட்டது.

"கம்பெனி சர்வர் வாசல்லயே நிறுத்திட்டாருண்ணே. நம்ம இன்டர்நெட் முகவரிய விசாரிச்சா வேற யார் பேரோ வருதாம்."

"என்னையா சந்தேகப்படுறான்?" சர்வருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் மெயிலில் இன்னும் இரண்டு வணக்கம் சேர்த்து அனுப்பிப் பார்த்தது. அதுவும் திரும்பியது.

பக்கத்திலிருந்த ரவுட்டருக்குச் சிரிப்பு வந்தது. "வணக்கத்துல என்னப்பா இருக்கு? உனக்கு முன்னால இந்த முகவரியில இருந்தவன் பேருதான் இன்னும் பதிவுல இருக்கு. அதை மாத்தச் சொல்லு."

ஜெசிந்தா இன்டர்நெட்காரர்களிடம் பேசிப் பெயரை மாற்றினாள். மெயில் போய்ச் சேர்ந்தது. சர்வருக்கு மட்டும் ஆறவில்லை. "நான் மட்டும் இளிச்சவாயனா? இனிமே முன்பின் தெரியாத எவனையும் உள்ள விடமாட்டேன்."

சாயங்காலம் கம்பெனியின் பதில் வந்து நின்றது.

"நில்லு. உன்னை இங்க யாருக்குத் தெரியும்?"

"காலையில நீங்க அனுப்புன மெயிலுக்குத்தான் சார் பதில். நாளைக்கே வேலைக்கு வரணுமாம்."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டு வர்றாங்க" என்று சர்வர் அதைத் திருப்பி அனுப்பியது.

மேலே ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "இன்னும் ஒரு பதிலும் வரலையே!"

"எப்படி வரும்?" என்று சர்வர் ரவுட்டரைப் பெருமையாகப் பார்த்தது. "நான் விட்டாத்தானே!"