மேசைப் பலகைத் துப்பாக்கி

"இது என்ன வெர்லின், ரைபிளா, சாப்பாட்டு மேசையா?"

பக்கத்துப் பண்ணை ஹாஸ்கெல், கார் கொட்டகைக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"ரெண்டும்தான். மேசையோட நடுப்பலகை. பிள்ளைங்க எல்லாம் போனப்புறம் எங்களுக்கு எதுக்கு அவ்ளோ நீள மேசை?" என்றான் வெர்லின்.

உள்பாகம், அடகுக் கடையில் கிடந்த பழைய பட்டாளத் துப்பாக்கியுடையது. குழல், யாரோ வேண்டாம் என்று விற்றது. தோளில் அண்டுகிற மரக்கட்டை மட்டும் வெர்லினே செதுக்கியது. ஹாஸ்கெல் தோளில் வைத்துப் பார்த்தான்.

"குட்டையா இருக்கேப்பா. உன் உயரத்துக்கு இதைச் சுட்டா மூக்கு உடையும்."

"பலகை அவ்ளோதான் இருந்துச்சு. உன்னை மாதிரி கடைக்குப் போய் புதுசு வாங்க என்கிட்ட காசு இருக்கா?"

"கடைச் சரக்கு நேரா சுடும். எனக்கு அது போதும்."

"டோரீன், அந்தத் தாளை எடுத்து இவன் மூஞ்சியில காட்டு."

அவன் மனைவி டோரீன் சுவரில் குத்தியிருந்த தாளை எடுத்து வந்தாள். நூறு கஜத்தில் சுட்டது. ஐந்து துளைகள். நான்கு, ஒரு கால் டாலர் காசுக்குள் அடங்கும். ஐந்தாவது மட்டும் சற்று மேலே, வலப்பக்கம் விலகி இருந்தது.

ஹாஸ்கெல் தொப்பியைக் கழற்றினான். "கர்த்தாவே! மேசை சுடுதே."

வெர்லின் சிரித்தான். கையிலிருந்த காபி தளும்பித் தரையில் சிந்தியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். டோரீன் வேறு பக்கம் பார்த்தாள்.

அந்தக் கைநடுக்கம் சென்ற குளிர்காலத்தில் வந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஜூலையில் ஒருநாள் மட்டும் அவன் வாய்விட்டுச் சொன்னான்.

"என் கை நிக்க மாட்டேங்குது. கட்டையை நீ தோள்ல வெச்சுப் பிடி, நான் வெளிச்சத்துல பாக்கறேன். குளிர்கோட்டைப் போட்டுக்கோ. பிசின் பட்டா சட்டை போச்சு."

"ஜூலையிலயா? வெந்துடுவேன், கிழவா."

"வேகு. ரெண்டு நிமிஷம்தான்."

வியர்த்து ஊற்ற நின்றாள். அவன் சுற்றிச் சுற்றி வந்து பென்சிலால் எதையோ குறித்தான்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை இருவரும் ஜல்லிக் குவாரிக்குப் போனார்கள். அவன் சுட்டான். முழங்கால் வலி அவனுக்கு, அதனால் தாளை எடுத்துவர அவள் நடந்தாள். தாளின் ஓரங்களில் இரண்டே துளைகள். மற்றவை மண்மேட்டுக்குப் போயிருந்தன.

அவனுக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த வீடு அவன் சுட்ட எல்க் மானைத் தின்றுதான் கடந்திருக்கிறது. இனி முடியாது என்று தெரிந்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

"தாள் காத்துல பறந்துடுச்சு," என்று திரும்பி வந்தாள்.

புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேன் அவனை நகரத்துக்கு அழைத்துப் போகும். அடுத்த புதன், மேசைமேல் அவன் நிரப்பி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாவை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனாள். தானே சுட்டாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்து, சனிக்கிழமை அவன் சுட்டு முடித்ததும் அவனுடைய தாளுக்குப் பதிலாக அதை எடுத்து வந்து காட்டினாள்.

வெர்லின் நெடுநேரம் பார்த்தான். "பரவாயில்லையே," என்றான்.

பிறகு வாராவாரம் அதேதான். புதன் வரும்போதெல்லாம் பெட்டி நிறைந்திருந்தது. அவனுக்கு எண்ணிக்கை நினைவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் வந்தது. வழக்கம்போல இருவர் பேரிலும் வேட்டை லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. விடிந்தால் வேட்டைக் காலம். இறைச்சிப் பெட்டி காலியாக இருந்தது. கொட்டகையில் வெர்லின் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாளைக்குத் தாள் இல்லை, உயிர் என்று டோரீன் நினைத்தாள். கால் உடைந்த மான் காட்டுக்குள் ஓடி நாலு நாள் கிடந்து சாகும். அதை வெர்லினால் தாங்க முடியாது. சுட முடியாமல் போவதைக்கூடத் தாங்கிவிடுவான்.

"வெர்லின், நாளைக்கு நீ சுடக்கூடாது."

"ஏன்?"

"அந்தத் தாள் ஒண்ணுகூட உன்னோடது இல்ல. எல்லாம் நான் சுட்டது."

அவன் துணியை மடித்து வைத்தான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அஞ்சாவது குண்டு. எப்பவும் மேல, வலப்பக்கம். கல்யாணமான வருஷத்துலேர்ந்து கடைசிக் குண்டுல அவசரப்படறவ இந்தப் பக்கத்துல ஒருத்திதான்."

டோரீன் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். "அப்போ பெட்டியை ஏன் நிரப்பி நிரப்பி வெச்சே?"

அவன் எழுந்தான். ஆணியில் தொங்கிய அவளுடைய குளிர்கோட்டை எடுத்து நீட்டினான். போட்டுக்கொண்டாள். துப்பாக்கியைக் கொடுத்தான்.

தூக்கினாள். சட்டையோடு சுட்டபோதெல்லாம் சற்றே குட்டையாகத் தோன்றிய கட்டை, கோட்டின் தடிமனுக்கு மேல் தோள்குழியில் போய் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் பதிந்தது. கழுத்தை நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, மடக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"ஜூலையில பிசின் வேலையே இல்ல, டோரீன்," என்றான் வெர்லின். "அன்னைக்கு உன் அளவைத்தான் எடுத்தேன்."