மரம் தெரிந்த மாப்பிள்ளை

“‘முசுன்’ இல்ல, ‘மொன்’. வாயை நல்லாத் திறந்து சொல்லு.”

படகு போகில் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. சியோலிலேயே பிறந்து வளர்ந்த தேஹூனுக்குத் தீவுப் பேச்சு வாயில் நுழைவேனா என்றது. காதலி போரம் விடுவதாயில்லை.

“அப்பாவுக்குப் பட்டணப் பேச்சுன்னாலே ஆகாது. ‘என்ன’ன்னு கேக்க உங்க சியோல்ல ‘முசுன்’, எங்க ஊர்ல ‘மொன்’. மொன் மீன், மொன் சோறு. புரியுதா?”

“மொன் தலையெழுத்து,” என்றான் தேஹூன். “பேச்சு கிடக்கட்டும். உங்கப்பா மரத்தைக் காட்டிப் பேர் கேப்பாராமே. அதைச் சொல்லிக் குடு.”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பாடத்தைப் படி.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போரமின் அப்பா மான்சிக் மரக்கன்றுப் பண்ணைக்காரர். மரம் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று ஏற்கெனவே இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியவர். தேஹூனுக்குத் தெரிந்த ஒரே மரம் கிறிஸ்துமஸ் மரம், அதுவும் பிளாஸ்டிக்.

மான்சிக் படகுத் துறையிலிருந்து அவர்களை நேரே பண்ணைக்கே இழுத்துக்கொண்டு போனார். ஒரு மரத்தின் முன்னால் நிறுத்தினார். பனி கொட்டியும் பச்சை மாறாத இலைகள். கிளை கொள்ளாமல் சிவப்புப் பழங்கள்.

“நம்ம தீவு மண்ணுல தானா வளர்ற மரம் தம்பி. இது பொண்ணு. பழமில்லாம நிக்குதே, அது ஆண். அவன் பக்கத்துல இல்லன்னா இவ காய்க்க மாட்டா.”

“ஐயா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்றான் தேஹூன், போரமை ஒட்டி நின்றபடி.

அவர் முறைத்தார். “வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மரத்தோட பேரைச் சொல்லு, பொண்ணு உனக்கு. தெரியலன்னா, வந்த படகு இன்னும் கிளம்பல.”

தேஹூன் மரத்தைப் பார்த்தான். போரமைப் பார்த்தான். அவள் குனிந்து நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தான்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவரிடமே கேட்டுவிட்டுப் படகைப் பிடிக்க வேண்டியதுதான். அந்தக் கேள்வியையாவது தீவுப் பேச்சில் கேட்போம் என்று வாயை நன்றாகத் திறந்தான்.

“மொன்... மரம்?”

மான்சிக்கின் வாயிலிருந்த பல்குச்சி கீழே விழுந்தது. பாய்ந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அதேதாங்க மாப்ள, இதோட பேரு மொன் மரம்.”