மூன்றாவது கேள்வி

அந்தப் பெண் வேதியியல் மேஜையிலிருந்து எழுந்ததைப் பார்த்ததும் கட்டடப் பொறியியல் பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்தது இயற்பியல். அதற்கடுத்தது அவருடைய மேஜை.

பள்ளி முடிக்கப்போகிற பிள்ளைகள் வந்து பார்த்துப் போவதற்காக, கல்லூரியின் விளையாட்டரங்கில் துறைக்கொரு மேஜை போட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அப்பா அம்மாவோடு வந்தார்கள். பேசியதும் அப்பா அம்மாதான். ஒரு பையனிடம் உனக்கு என்னப்பா பிடிக்கும் என்று பேராசிரியர் கேட்க, அவன் வாயைத் திறப்பதற்குள், "எங்களுக்கு கம்ப்யூட்டர்தான் சார்" என்றார் அவன் அப்பா. பையன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

இவள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு.

எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அதே மூன்று கேள்விகள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்? படித்து முடித்த யாருடைய போன் நம்பராவது கிடைக்குமா, பேசிப் பார்க்க?

மூன்றாவதற்குத்தான் எல்லோரும் நெளிந்தார்கள். உங்கள் பிள்ளையை இதில் சேர்ப்பீர்களா?

வேதியியல்காரர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைச் சொன்னார். குறித்துக்கொண்டு நன்றி சொல்லி எழுந்தாள். இரண்டு மேஜை தள்ளிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பேராசிரியருக்கு எழுந்து கைதட்டலாம்போல இருந்தது.

இயற்பியலும் முடிந்தது.

"வணக்கம் சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கேள்விக்கு அவர் பூசி மெழுகவில்லை. அறுபது பேரில் பதினொரு பேர் என்றார். இரண்டாவதற்கு இரண்டு நம்பர்கள் எழுதிக் கொடுத்தார். ஒன்று, மேம்பாலம் கட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவியுடையது. இன்னொன்று, பட்டம் வாங்கிய கையோடு கேக் கடை வைத்துவிட்டவருடையது.

"அவர்கிட்டயும் அவசியம் பேசும்மா."

பேனா காத்திருந்தது.

"உங்க பிள்ளையை இதுல சேர்ப்பீங்களா சார்?"

மேஜைமேல் இருந்த பாலத்தின் மாதிரியை அவர் சற்று நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். ஆற்றுக்கு நடுவே முதல் தூணை நிறுத்திய கதையை எடுத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும். அன்று காலையில் மட்டும் நாலு பேருக்குச் சொல்லி நாலு பேரையும் பெயர் எழுத வைத்திருந்தார். அந்த நாலு பேரையும் சேர்த்து வைத்தாலும் இவளுக்கு ஈடாகாது.

தொண்டை வரை வந்த கதையை விழுங்கினார்.

"எனக்கு ஆசைதான். ஆனா நாலு வருஷம் உக்காந்து படிக்கப்போறது நான் இல்லையே."

அதை அப்படியே எழுதிக்கொண்டாள். ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து நேரே மூலைக்குப் போனாள்.

அங்கே மண்ணியல் மேஜை. கண்ணாடிக் குடுவைகளில் சிவப்பும் கறுப்பும் சாம்பலுமாக மண்ணை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இவள் போய் உட்கார்ந்ததும் நோட்டை மூடி வைத்தாள். கறுப்பு மண்ணை விரலிடுக்கில் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பட்டியலில் இருந்த மூன்று கேள்விகளும் அவளுக்கு மறந்தே போய்விட்டன. ஆசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

பேராசிரியருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

அவருக்குப் பக்கத்தில், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த இளம் விரிவுரையாளருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"என்ன சார், இப்படி ஒரு பொண்ணைக் கோட்டை விட்டுட்டீங்களே! யார் பெத்த பிள்ளையோ, கொடுத்து வச்சவங்க."

பேராசிரியர் பாலத்தின் மாதிரியைத் துடைக்கத் தொடங்கினார். வாயைத் திறந்தால் உளறிவிடுவோமோ என்று பயம்.

காலையில் கல்லூரி வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போதே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அஞ்சு மணி வரைக்கும் நீங்க எனக்கு அப்பா இல்ல. சார்."

மணி நாலேகால்தான் ஆகியிருந்தது.