கம்பெனிக் குழாய்

"அறுபத்தி நாலு ரூபா பத்தணா, சாமி. உளி தோய்ச்ச கூலியும் வண்டி வேலையும் சேர்ந்து."

கங்கப்பன் தொகையைச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். கல்குவாரிக் குத்தகைக்காரர் கோவிந்தப்பன் தன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"உன் காசைத் தூக்கிட்டு ஓடவா போறேன்? ஓடறதுக்கு வண்டியே இப்பத்தானே வந்திருக்குது!" என்று சிரித்தார்.

யுத்தம் முடிந்த வருஷம் பெங்களூர் ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. அப்போதே கிழடு. இந்தப் பக்கம் ஒரு புகைக்குழாய், அந்தப் பக்கம் ஒரு புகைக்குழாய். கார்த்திகை மழையில் இஞ்சின் இறுகிப் படுத்தது, பங்குனி பிறந்தும் எழுந்திருக்கவில்லை. உத்தனப்பள்ளி குவாரியில் உளிக்கு முனை காய்ச்சும் கங்கப்பன், பட்டாளத்துப் பட்டறையில் நாலு வருஷம் எடுபிடியாக இருந்தவன். யாரும் கூப்பிடாமல் தானாகவே போய்க் கேட்டு வண்டியைத் தன் உலைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இஞ்சினைவிடக் குழாய்கள்தான் அவன் உயிரை வாங்கின. துரு தின்று சல்லடையாகிக் கிடந்தன. நசுங்கிய இடத்தை நிமிர்த்த உள்ளே பொடி மணல் நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, உலையில் சிவக்கக் காய்ச்சித் தட்டினான். ஓட்டைகளைப் பித்தளை உருக்கி அடைத்தான். உள்ளங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"எதுக்குடா இந்தப் பாடு?" கோவிந்தப்பன் சாக்குச் சுருளைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு ஜோடிப் புதுக் குழாய். "பெங்களூர்ல வாங்கியாந்துட்டேன். அதைக் கழட்டிட்டு இதை மாட்டு. பூனை மாதிரி போவும்."

கங்கப்பன் பழைய குழாயின்மேல் கையை வைத்தான்.

"வேணாம் சாமி. இது கம்பெனிக்காரன் அளவெடுத்துப் போட்ட குழாய். வேற மாட்டினா இஞ்சினுக்கு மூச்சு முட்டும். மேடு ஏறாது."

"நீ என்ன கம்பெனிக்காரனுக்கு மச்சானா? கெலமங்கலத்துல கிக்கரை உதைச்சா உத்தனப்பள்ளியில நாய் குலைக்குது. நான் வர்றது தெரிஞ்சுதான் அந்தச் சோம்பேறிக் கழுதைங்க சுத்தியலையே தூக்குதுங்க. சத்தமில்லாம போய் நின்னாத்தானே எவன் தூங்கறான்னு தெரியும்?"

"சத்தம் இருந்தாத்தான் சாமி மரியாதை. முதலாளி வர்றாருன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"மரியாதை சோறு போடுமா? மாட்டுடா."

கங்கப்பன் அசையவில்லை. உலைக்கு அந்தப் பக்கம் துருத்தி இழுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாரம்மா, வந்தவருக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சாமி. பழசே இருக்கட்டும். எனக்கு அந்த அறுபத்தி நாலு ரூபா பத்தணா வேணாம்."

துருத்தி நின்றது. கோவிந்தப்பன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

"குடிச்சிருக்கியா? இந்த மதுவிலக்குக் காலத்துல எங்கடா கிடைச்சுது?"

"இல்ல சாமி. வெந்து காப்பாத்தின குழாய், தூக்கிப்போட மனசு வரலை. புதுசைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க, அந்தக் காசும் உங்களுக்கு மிச்சம். பழசுல எப்ப ஓட்டை விழுந்தாலும் சொல்லியனுப்புங்க. சும்மாவே அடைச்சித் தரேன்."

"சும்மாவா?"

"நான் இருக்கிற வரைக்கும் சும்மா."

கோவிந்தப்பன் சட்டைப்பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். கங்கப்பன் பெயர்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினார். போன வருஷம்தான் ராப்பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்திருந்த கங்கப்பன், எட்டி நின்று அந்த ஐந்து எழுத்தையும் உதட்டுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டான்.

"ஊர்ல என்னைப் பத்தி யார் யாரோ என்னென்னமோ பேசறானுங்க கங்கப்பா. நீ ஒருத்தன்தான் வாயைத் திறக்காம வேலையைப் பார்க்கறே. நல்லா இருப்பே!"

புதுக் குழாய்களைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வண்டி குவாரிப் பாதையில் ஏறியது.

அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மாரம்மா கொட்டினாள்.

"அவனுக்குப் போய் வண்டியை ஓட வெச்சுக் குடுக்கறே. வர்ற காசையும் வேணாம்னு விடறே. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? ராகிக் கடைக்காரன் நாளைக்கு வந்து நின்னா உன் கம்பெனிக் குழாயையா வறுத்துக் குடுப்பே?"

கங்கப்பன் மேட்டின்மேல் தெரிந்த குவாரியைக் கையால் காட்டினான்.

வண்டி இன்னும் வளைவுகூடத் திரும்பவில்லை; அதற்குள் அந்தப் படபடச் சத்தம் பாறையில் மோதிக் குவாரியெங்கும் கேட்டது. மூலைக்கு ஒருத்தியாக ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேரும் சுத்தியலையும் கூடையையும் வாரிக்கொண்டு ஓடி, அவர்களில் மூத்தவளான வெங்கடம்மாவின் குவியலைச் சுற்றித் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருத்திகூடத் தனியாக இல்லை.

மாரம்மா அந்தத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

வண்டி படுத்துக் கிடந்த நாலு மாதமும் கோவிந்தப்பன் சத்தமில்லாத சைக்கிளில்தான் வந்துபோனான். கால் வழுக்கிக் குவாரிக் குழித் தண்ணீரில் விழுந்து செத்தாள் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்களே, கங்கப்பன் மாரம்மாவின் மகள் சென்னம்மா, அந்தச் சைக்கிள் வந்த அன்றைக்குக் கடைக்கோடிக் குவியலில் தனியாக உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.