கலாஸ்

"துறைமுகம் வரட்டும்னு ஊர் குரூப்புல ஏன் பேசுனிய?" போனில் மனைவி டெல்பின் அழுதாள்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜெகினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்க்கரையை அழிக்கும் அந்தத் துறைமுகத்துக்கு எதிராக, இங்கிருந்தே வாய்ஸ் மெசேஜ் போட்டு ஊரைத் திரட்டியவன் அவன்.

"நான் பேசல. எவனோ ஏஐ-ல என் குரலைச் செஞ்சிருக்கான்!"

"கடைசில எப்பவும்போல, முடிஞ்சுதுன்னு அரபியில 'கலாஸ்' சொல்லி முடிச்சியளே?"

பதறிப்போய் குரூப்பில் பேசினான். "அது போலி! நாளைக்கு யாரும் துறைமுகத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாதிய!"

அடுத்த நிமிடமே அட்மின் அவனை நீக்கிவிட்டார்.

டெல்பினை மறுபடி அழைத்தான். "என்னை ஏன் நீக்கினாங்க?"

"இப்ப வந்த வாய்ஸ்ல கலாஸே இல்லியே. இதுதான் போலின்னு ஊரே சொல்லுது."

"அவசரத்துல விட்டுப்போச்சுடி!"



"இப்ப பேசுறது... நீங்கதானா?"