கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வலது கையை உயர்த்தி, கண் சிமிட்டாமல், சத்தியம் செய்து சொல்லப்பட்டது இது.

நான்கு வருடம் உள்ளே இருந்த ஒரு கைதியின் மேல்முறையீட்டில் அன்றைக்குத் தீர்ப்பு. பதவி உயர்ந்து புதிதாக வந்திருந்த நீதிபதி தீர்ப்பை உரக்க வாசித்தார்.

"கீழ்க்கோர்ட் நீதிபதி சாட்சியத்தைப் படித்ததாகவே தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார். தண்டனை ரத்து!"

கைதிக்கு அழுகையே வந்துவிட்டது. கோர்ட் கிளார்க் மட்டும் முகம் வெளிறி, நீதிபதியின் காதருகே குனிந்தார்.

"ஐயா, அந்தப் பழைய தீர்ப்போட கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க."

"அதுல என்னய்யா இருக்கப்போகுது, கையெழுத்துதானே?"

"அந்தக் கையெழுத்தைத்தான் பாருங்க."

பார்த்தார். மூக்குக் கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது.

"நானாய்யா இதை எழுதினேன்?"

"நீங்கதாங்கய்யா."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"கடைசிப் பக்கத்தை நீங்க பார்க்கறதே இல்லைன்னு எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

கூண்டிலிருந்து கைதி மெல்லக் கேட்டார். "அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா சாமி?"

"முடியாதுப்பா. என் தீர்ப்பை நானே விசாரிக்கக் கூடாது. இப்ப சொன்னது செல்லாது. வேற நீதிபதி முதல்லேருந்து கேக்கணும்."

கைதி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நீதிபதி தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

மறுமாதம் வேறொரு நீதிபதி, அந்தப் பழைய தீர்ப்புதான் சரி என்று சொல்லிவிட்டார்.

தண்டனை முழுவதையும் முடித்து வெளியே வந்த அந்தக் கைதிதான் இன்றும் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதைச் சத்தியம் செய்து சொல்கிறார். அவர் உள்ளே போனது, கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய்ச்சாட்சி சொன்னதற்காக.